இடம் மாறியது; கதை மாறவில்லை

முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார் தொல்காப்பியர். நிலம் மாறின் அந்நிலத்து மக்களும் தொழிலும் மாறும் என்பது அவ்வகுப்பின் உட்கிடை. 1978-இல் வெளிவந்த 'பிரியா' திரைப்படம் இதனை மறந்தது.

சுஜாதாவின் நாவல் இலண்டனில் நிகழ்வது. எஸ்.பி. முத்துராமன் இயக்கிய படமோ கதையைச் சிங்கப்பூருக்குக் கொணர்ந்தது. படம் நன்கு ஓடியது. இளையராஜாவின் பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன. ஆயினும் நாவலைப் படித்தோர்க்கு ஏமாற்றமே. மதிநுட்பத்தால் துப்புத் துலக்கும் வழக்கறிஞன் கணேஷ், திரையில் ஆடிப்பாடும் நாயகனானான். சிங்கப்பூரோ அவன் பின்னே தொங்கவிட்ட திரைச்சீலையாயிற்று.

இடத்தை மாற்றியது பிழையன்று. மாற்றிய இடத்திற்கு வேலை கொடாததே பிழை. சீனரும் மலாய் மக்களும் தமிழரும் உறவினராய் வாழும் ஊர் எனப் படத்தின் பாடலொன்று புகழ்கிறது. அவ்வுறவையே கதையின் திறவுகோலாக்கியிருக்கலாம். கடத்தப்பட்ட பிரியாவைத் தேடும் கணேஷுக்கு மலாய் தெரியாது. சிராங்கூன் சாலைக் கடைக்காரர் ஒருவர் துணை வருகிறார் எனக் கொள்க. அந்நாளில் மீனவர் வாழ்ந்த பொங்கோல் கரையில், சீன மீனவர் ஒருவர் கண்டதை அவர் மலாயில் கேட்டறிந்து தமிழில் உரைக்கிறார். அச்சொற்களைக் கோத்து உண்மையைக் காண்பவன் கணேஷ். இரங்கலுக்குரிய நெய்தல் நிலமும் அப்போது பொருத்தமாய் அமைந்திருக்கும்.

இன்று பொங்கோலில் அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டன. அன்று பதிவு செய்யத் தவறிய வாழ்வை இனி எந்தப் படப்பிடிப்பும் மீட்டுத் தாராது.