பிக்கப் என்றால் ஆர்எக்ஸ்தான்

பழைய ஜப்பானிய வண்டிகளின் ரசிகர்களில் ஒரு சாரார் ஹீரோ ஹோண்டா சிபிஇசட்டைத்தான் முழுமையான வண்டி என்கிறார்கள். 1999-இல் வந்த அதன் 156.8 சிசி எஞ்சினுக்கு 12.8 குதிரைத்திறன், முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், நெடுந்தூரத்தில் தளராத நிதானம். இவற்றில் எதையும் மறுக்க வேண்டியதில்லை. யமஹா ஆர்எக்ஸ் 100-இன் முன் டிரம் பிரேக் அதன் வேகத்துக்குப் போதாது என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1985-இல் வந்த அந்த வண்டி 98 சிசியிலேயே 11 குதிரைத்திறன் கொடுத்தது; எடையோ 103 கிலோதான். சிபிஇசட் அதைவிட முப்பது கிலோவுக்கு மேல் கனம். எடைக்கு ஏற்ற பலம் என்று பார்த்தால் பதினான்கு வருடம் மூத்த வண்டியே முந்துகிறது.

இந்தக் கணக்கைவிட முக்கியம், ஆக்ஸிலேட்டரை முறுக்கியதும் பின்சக்கரம் அதை எவ்வளவு சீக்கிரம் கேட்கிறது என்பது. திருச்சி–மதுரை நெடுஞ்சாலையை விட்டு மருங்காபுரிப் பக்கம் இறங்கினால் வரும் குறுகலான சாலைகளில், பஸ்ஸை முந்தக் கிடைப்பது கொஞ்ச இடம்தான். அங்கே மூன்றாவது கியரிலேயே ஆர்எக்ஸ் பாய்ந்துவிடும். காரணம் ரீட் வால்வ். அந்த மெல்லிய இதழ்கள் எஞ்சின் உறிஞ்சும்போது மட்டும் திறக்கும். உள்ளே போன பெட்ரோல்-காற்றுக் கலவை கார்புரேட்டருக்குத் திரும்பாது. இதழ்கள் மூடியிருக்கும் நேரத்தில் வரும் கலவையையும் பக்கத்துச் சிறு குடுவை வாங்கி வைத்துக்கொண்டு, திறந்ததும் உள்ளே விடும். முறுக்கியதும் பாயும் இந்தக் குணத்தின் அருமை ஹோண்டாவுக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை மட்டுமே வெடிக்கும் ஃபோர் ஸ்ட்ரோக், திடீர் முறுக்கலுக்குத் தடுமாறக் கூடாது என்றுதான் சிபிஇசட்டின் கார்புரேட்டரில் கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்ச ஒரு பம்ப் வைத்தார்கள். ஆர்எக்ஸுக்குப் பிறவிக்குணமாக இருந்ததை அங்கே தனியாக ஒரு பாகம் சேர்த்துக் கொண்டுவர வேண்டியிருந்தது.

மைலேஜும் புகையும் என்னாயிற்று என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எரியாத கலவை கொஞ்சம் வெளியே போவது ஆர்எக்ஸ் போன்ற டூ ஸ்ட்ரோக்கின் இயல்பு. புகைக் கட்டுப்பாட்டு விதிகளால்தான் 1996-இல் ஆர்எக்ஸ் 100 நின்றது. ஆனால் அந்த இழப்பைக் குறைக்கும் வேலையையும் யமஹா சைலன்சருக்குள்ளேயே வைத்திருந்தது. வெளியேறும் அழுத்த அலையில் ஒரு பகுதியை உள்ளிருக்கும் கூம்பு திருப்பியனுப்பும். போர்ட் மூடும் முன் தப்பப் பார்க்கும் கலவையை அது சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். இன்று ஆர்எக்ஸைப் புதுப்பிக்கிறோம் என்கிறவர்கள் முதலில் கைவைப்பது அந்தச் சைலன்சரில்தான். சத்தத்துக்காக உள்குழாயை உருவிவிடுகிறார்கள். சத்தம் கூடுகிறது, கீழ்வேக இழுவை போய்விடுகிறது. பளபளக்கும் டாங்க்கைப் பார்த்தே விலை படிகிறது. உள்குழாய் அசல்தானா என்று கழற்றிப் பார்த்து வாங்குகிறவர்கள் அருகிவிட்டார்கள். உள்குழாய் உருவப்பட்ட வண்டியை ஓட்டிவிட்டு, ஆர்எக்ஸில் சத்தத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று சிபிஇசட்காரர்கள் கேட்டால் அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை.