அல்லி வேறு, குவேனி வேறு

மகாவம்சத்தின் குவேனியும் நமது அல்லி அரசாணியும் ஒருத்தியே என்ற பேச்சு அண்மைக்காலமாக வலுத்து வருகிறது. புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காடு கடலைத் தொடும் இடத்திலுள்ள குதிரைமலையையே இதற்குச் சாட்சியாகக் காட்டுகிறார்கள். இலங்கையின் முதல் மன்னனாகச் சொல்லப்படும் விஜயன் இறங்கிய தம்பபண்ணி இங்கேதானாம், அல்லியின் கோட்டை இருந்ததும் இங்கேதானாம், ஆகவே இருவரும் ஒருத்தியாம். கணினி விளையாட்டில் முகமூடியோடு வரும் பாத்திரம் உண்மையில் யார் என்று இளைஞர்கள் துப்புத் துலக்கும் உற்சாகம் இதிலும் தெரிகிறது. ஆனால் அந்தக் கதையை எழுதியவர் இருக்கிறார், என்றாவது விடை சொல்லிவிடுவார். இந்தப் பெண்களை எழுதியவர் ஒருவரல்லர், ஒரு காலத்தவரும் அல்லர்.

இப்படி ஆள் அடையாளம், இட அடையாளம் தேடுவது இக்கரைக்குப் புதிதல்ல. உரோம எழுத்தாளர் பிளினி சொன்ன ‘ஹிப்புரோஸ்’ துறைமுகத்தைக் குதிரைமலை என்றார்கள். சங்கப் பாடல்களில் வரும் பிட்டங்கொற்றனின் குதிரைமலையும் இதுவே என்று முதலியார் செ. இராசநாயகம் 1926இல் வாதாடினார். தெற்கே பொம்பரிப்பில் 1920களிலும் பின்னர் 1970இலும் தோண்டியெடுத்த தாழிகள் ஆதிச்சநல்லூரை நினைவூட்டுகின்றன. அவை இங்கே வாழ்ந்து மடிந்தவர்களைப் பற்றிச் சொல்வது ஏராளம். எந்த அரசியின் பெயரையும் அவை சொல்லவில்லை.

சரி, நூல்களைப் பார்ப்போம். மகாவம்சத்துக்கு முந்திய தீபவம்சத்துக்குக் குவேனியைத் தெரியாது. மகாவம்சத்தின் 7ஆம் அதிகாரத்தில், மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருக்கும் இயக்கியாக அவள் வருகிறாள். விஜயனுக்காகத் தன் இனத்தையே காட்டிக்கொடுக்கிறாள். கடைசியில் இரண்டு பிள்ளைகளோடு துரத்தப்பட்டு, தன் இனத்தான் ஒருவனின் கையாலேயே சாகிறாள். அல்லியின் கதை அடியோடு வேறு. அல்லி மலரில் கண்டெடுக்கப்பட்டுப் பாண்டியன் மகளாக வளர்ந்தவள் அவள். அரசைக் கைப்பற்றியிருந்த நீன்முகனைக் கொன்று மதுரையை ஆண்டவள். ஆண்வாடையே ஆகாத அவளுடைய பள்ளியறைக்குள் அர்ச்சுனன் பாம்பாகப் புகுந்து, தூக்கத்தில் தாலி கட்டிவிட்டுப் போகிறான். கண்விழித்துக் கழுத்தைத் தடவிப் பார்த்தவள் கொதிக்கும் கொதிப்புத்தான் ‘அல்லி அரசாணி மாலை’யின் உயிர். புகழேந்தியின் தலையில் கட்டப்பட்ட இந்த நூலின் நடை, அவர் காலத்துக்கு மிகவும் பிந்தியது. வில்லிபுத்தூரார் தம் பாரதத்தில் அர்ச்சுனனின் மனைவி சித்திராங்கதையைப் பாண்டியன் மகளாக்கிப் பாடினார். அந்தக் குலமகளை வாளெடுத்த அரசியாக்கிய துணிச்சல் பெயர் தெரியாத மக்கள் புலவனுடையது. பெரிய எழுத்துப் புத்தகம் என்று பண்டிதர்கள் ஒதுக்கிவைத்த இந்த மாலை, தமிழ்க் கதைப்பாடல்களிலேயே உயர்ந்தது என்பேன்.

ஒருத்தி என்பவர்கள் எண்ணிப் பார்க்காத முரண் ஒன்று உண்டு. குவேனியை விஜயன் துரத்தியது எதற்காக? மதுரையிலிருந்து பாண்டிய இளவரசி மணப்பெண்ணாக வரவிருந்தாள் என்பதற்காக. அல்லியோ அதே மதுரையின் பாண்டிய வாரிசு. இருவரையும் இணைத்தால், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவளும் துரத்தக் காரணமான குலத்தவளும் ஒரே ஆளாகிவிடுவார்கள். 1963இல் ‘குவேணி’ நாடகத்தை மேடையேற்றிய ஹென்றி ஜயசேன, கைவிடப்பட்டவளின் வழக்கை அவளுடையதாகவே வைத்தார். அந்த மரியாதையைத்தான் நாமும் இருவருக்கும் செய்ய வேண்டும்.

அப்படியானால் மதுரை அல்லி இக்கரைக்கு எப்படி வந்தாள்? முத்துக்குளிப்போடு வந்தாள் என்பதே என் துணிபு. குதிரைமலைக்கு வடக்கே மறிச்சுக்கட்டியில் சலாபம் என்னும் முத்துக்குளிப்பு கூடிய காலங்களில் கீழக்கரை, தூத்துக்குடிப் பக்கத்துக் குளியாளிகள் வாரக்கணக்கில் தங்கினார்கள். அவர்களோடு பாட்டும் கதையும் வராமல் இருந்திருக்குமா? முத்துப்பார்களுக்கு உடைமைக்காரி, முத்துக் கொடுத்து அரபிகளிடம் குதிரை வாங்கியவள் என்று அவள் இங்கே மாறியதும் அந்தத் தொழிலின் சுவடுதான். தெற்கே உடப்பில் திரௌபதை அம்மனுக்கு ஆடியில் தீமிதிக்கிறார்கள். பாரதம் வழிபாடாகவே வாழும் கரையில் அர்ச்சுனனின் மனைவி ஒருத்தி குடியேறியதில் வியப்பென்ன?

அவள் பெயர் எவ்வளவு எளிதில் ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு மறிச்சுக்கட்டிக்கும் வடக்கேயுள்ள அரிப்பே சான்று. அங்குள்ள சின்னஞ்சிறு கோட்டை போர்த்துக்கேயர் கட்டியது, ஒல்லாந்தர் புதுக்கியது. கண்டியிலிருந்து தப்பிய ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் 1679இல் வந்து சேர்ந்தது அங்கேதான். ஊராருக்கோ அது அல்லிராணி கோட்டை. அந்தப் பெயரை வைத்துச் சுவரின் வயதைக் கணிக்க முடியாது, ஊர் மனத்தைப் படிக்கலாம்.

அந்தப் படிப்புக்கு முன்னோடி இந்த மண்ணிலேயே இருந்தார். 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கை ஊர்களின் விவரத்தைத் தொகுத்து ‘கசற்றியர்’ வெளியிட்டார். 1859இல் ‘தமிழ் புளூட்டாக்’கில் தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் திரட்டினார். அவரைப் பாராட்டி விழா எடுக்கிறவர்கள் அவர் வேலையைத் தொடரவில்லை. உடப்பிலும் கரைத்தீவிலும் கற்பிட்டியிலும் அல்லியை எப்படிச் சொல்கிறார்கள் என்று ஊர்வாரியாக ஒலிப்பதிவு செய்ய வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்கு வந்த முஸ்லிம்களிடமும் கேட்க வேண்டும். மறிச்சுக்கட்டியும் முசலியும் அவர்களுடைய ஊர்கள். முத்துக்குளிப்பைப் பற்றிப் பாட்டன்மாரிடம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இன்று வயதாகிவிட்டது. குவேனியோடு முடிச்சுப் போடும் வேலையை நிறுத்திவிட்டு, முதலில் அவர்களிடம் போகட்டும் நமது ஆய்வாளர்கள்.