கோதுமை முளையும் கம்பியில்லா அலையும்

தமிழ்ப்பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் அறிவியலறிஞர் ஒருவரைப் பற்றிப் பேசப் புகும் மாணாக்கர் விரும்பித் தேர்ந்தெடுக்கும் பெயர்களுள் ஒன்று ஜகதீச சந்திர போஸ். கிள்ளானாயினும் பிரிக்பீல்ட்சாயினும் அப்பேச்சுகளின் தொடக்கம் பெரும்பாலும் ஒன்றே: தாவரங்களுக்கு உயிர் உண்டு என்பதை உலகில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவர் இவ்வங்கப் பேரறிஞர். அவையோர் கைதட்டுவர், நடுவர் மதிப்பெண் இடுவர். அவ்வாக்கியம் பிழையானது என்று எடுத்துரைப்பார் மிகச் சிலரே.

இப்பிழை ஒரு சிறு பிழையன்று. அது போஸின் உண்மையான பணியை மறைத்துவிடுகிறது. மறைந்துபோன அப்பணிக்குள்ளேதான், மின்காந்த அலைகள் உயிர்ப்பொருளை என்ன செய்யும் என்னும் கேள்வி இந்திய மண்ணில் ஆய்வுக்கூடம் ஏறிய வரலாறு கிடக்கிறது. இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் குடியிருப்புகளில் தொலைத்தொடர்புக் கோபுரம் எழும்போதெல்லாம் மக்கள் கேட்கும் கேள்வியும் அதுவே. அவ்விவாதங்களிலும் போஸின் பெயர் சான்றாக எடுத்தாளப்படுவதுண்டு. மேடைப் புகழுரை, கோபுர எதிர்ப்பு ஆகிய இரண்டும் அவர் பெயரைப் பயன்கொள்கின்றன. அவர் செய்த சோதனையைப் படித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தாவரத்திற்கு உயிர் உண்டென்பதை உழவன் எவனும் போஸிடம் கற்க வேண்டியிருந்ததில்லை. தொல்காப்பியத்தின் மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று வகுத்து, தொடுவுணர்வை அவற்றுக்கு உரித்தாக்கியது. உடனே, 'அன்றே தமிழன் போஸை வென்றான்' என்று முழங்குவாரும் உளர். அதுவும் பொருந்தாது. தொல்காப்பியர் செய்தது உயிர்களைக் கூர்ந்து நோக்கி வகைப்படுத்தியது; போஸ் செய்தது கருவி கொண்டு அளந்தது. இரண்டும் பெருமைக்குரியவையே, ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. மேலைநாட்டாரும் இதனை அறியாதவரல்லர். பூச்சியுண்ணும் டயோனியா என்னும் செடியின் இலையில் எழும் மின் எழுச்சியை இங்கிலாந்தின் பர்டன் சாண்டர்சன் 1873-லேயே பதிவு செய்தார். தாவரங்களின் அசைவைப் பற்றிச் சார்லஸ் டார்வின் 1880-இல் ஒரு நூலே எழுதினார். எனவே, போஸின் புதுமையை வேறோரிடத்தில் தேடவேண்டும்.

அவர் தாவரவியலிலிருந்து தொடங்கியவரல்லர், இயற்பியல் பேராசிரியர். ஹெர்ட்ஸ் 1888-இல் மெய்ப்பித்துக் காட்டிய மின்காந்த அலைகளைக் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் மேலும் சிறிய அலைகளாக எழுப்பியதே அவர்தம் முதற்பெரும் பணி. அவற்றுள் 5 மில்லிமீட்டர் நீளமே உடைய அலைகளும் இருந்தன. நொடிக்கு ஆறாயிரம் கோடி முறை அதிர்பவை அவை. 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில் அவர் நடத்திய செயல்விளக்கம் பலரும் அறிந்தது. அலைகள் சுவர்களைக் கடந்து சென்று மணியொன்றை ஒலிக்கச் செய்தன, வெடிமருந்தைக் கொளுத்தின. வழியில் வங்கத் துணைநிலை ஆளுநர் மெக்கன்சியின் உடலும் இருந்தது. அலைகள் அதனையும் கடந்தே சென்றன என்பர். அந்த உடலுக்குள் அவ்வலை ஏதேனும் செய்ததா என்று அவையில் எவரும் வினவியதாகத் தெரியவில்லை. மணி ஒலித்ததே அன்றைய வியப்பாக இருந்தது.

அக்கேள்வி போஸின் உள்ளத்தில் எழுந்த விதம் சுவையானது. அலையை உணர்வதற்கென அவர் அமைத்த உலோகக் கருவிகள் தொடர்ந்து பயன்படுத்தினால் தளர்ந்தன. சிறிது ஓய்வு கொடுத்தால் மீண்டன. சோர்ந்த தசையைப் போன்று உலோகமும் சோர்வதேன் என்று எண்ணத் தலைப்பட்டார். அலையைத் தேடியவரை அலையுணரும் கருவியே உயிரியலுக்குள் அழைத்துச் சென்றது. 1900-இல் பாரிஸில் கூடிய இயற்பியல் பேரவையில் இவ்வொப்புமையை எடுத்துரைத்தார். 1901-இல் இலண்டனில் ராயல் சொசைட்டியின் முன் வாசித்தபோது எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர் வேறு எவருமல்லர். டயோனியாவில் மின் எழுச்சியைக் கண்ட அதே பர்டன் சாண்டர்சன். அசைந்து காட்டும் சில செடிகளுக்கு ஒப்புக்கொண்டதை எல்லாச் செடிகளுக்கும் ஒப்புக்கொள்ள அவர் இசையவில்லை. கட்டுரையின் தலைப்பிலுள்ள சொல்லையேனும் மாற்றுமாறு அறிவுறுத்தினார். உயிருள்ளவற்றுக்கே உரிய சொல்லை விடுத்து, வெறும் மின்வினை என்னும் பொருளுடைய சொல்லை இடுக என்பது அவர் கருத்து. போஸ் இசையவில்லை, கட்டுரை அச்சேறவில்லை. அடுத்த ஆண்டு அவ்வாராய்ச்சி நூலாக வெளிவந்தது. அதன் ஆங்கில நடையைச் செப்பனிடுவதில் சகோதரி நிவேதிதையின் உதவி இருந்தது.

தமிழாசிரியர் இந்நிகழ்ச்சியில் சற்றே தங்கிச் செல்லுதல் நலம். மலேசியத் தொடக்கப்பள்ளி அறிவியல் பாடத்தில் தூண்டல், துலங்கல் என்னும் இரு சொற்கள் பயில்கின்றன. தொட்டாற்சுருங்கியைத் தொட்டால் இலை மடிகிறது. தொடுதல் தூண்டல், மடிதல் துலங்கல். மாணாக்கர் இதனை மனனம் செய்து தேர்வில் எழுதிவிடுகின்றனர். ஆனால், செடிக்குத் துலங்கல் என்னும் சொல்லை ஆளலாமா என்பதே ஒரு காலத்தில் ஓர் அறிஞர் கழகத்தின் கதவை அடைத்த வழக்காக இருந்தது என்பதைப் பாடநூல் கூறுவதில்லை. ஒரு சொல்லுக்குப் பின்னால் இத்தனை பெரிய வாதம் நின்றதென்று அறிந்தால், மாணாக்கர் அச்சொல்லைச் சற்று மதித்தே எழுதுவர்.

அதே ஆண்டுகளில் உலகின் பிற பகுதிகளில் மின்காந்தக் கதிர்களின் உயிர்விளைவு கசப்பான முறையில் தெரியவந்துகொண்டிருந்தது. ராண்ட்கன் 1895-இல் எக்ஸ் கதிரைக் கண்டார். மறு ஆண்டே தோல் வெந்தவர்களைப் பற்றிய செய்திகள் வரத் தொடங்கின. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி அக்கதிருக்கே தம் கைகளை இழந்து 1904-இல் உயிர் நீத்தார். டென்மார்க்கின் பின்சன் ஒளியைக் கொண்டு தோல்நோய் தீர்த்தமைக்காக 1903-இல் நோபல் பரிசு பெற்றார். ஒளி, எக்ஸ் கதிர், கம்பியில்லாத் தந்தியலை ஆகிய மூன்றும் ஒரே குடும்பம், அதிர்வெண்ணே வேறு. அதிர்வெண் மாறினால் விளைவும் மாறும் என்பதை அக்காலம் மெல்ல மெல்லக் கற்றது. கற்பதற்குச் சிலர் உயிரையே விலையாகக் கொடுத்தனர்.

போஸ் 1917-இல் தம் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையத்தைக் கல்கத்தாவில் நிறுவினார். அந்நிலையத்தின் வளாகத்தில் செய்து 1919-இல் வெளியிட்ட சோதனையொன்றே ஈண்டு ஆராய்தற்குரியது. கம்பியில்லாத் தந்திக்குப் பயன்படும் நெடிய அலைகளைச் செடி உணருமா என்பது அதன் கேள்வி. மின்சுருளொன்றால் தீப்பொறி எழுப்பி, 10 மீட்டர் உயரமுள்ள வான்கம்பி வழியே அலையைப் பரப்பினார். ஏறத்தாழ 200 மீட்டர் தொலைவில் அதே உயரமுள்ள மற்றொரு வான்கம்பி அதனை ஏற்றது. வளாகம் இடம் கொடுத்த எல்லையே அவ்வளவுதான். சோதனைக்குரியது தொட்டியில் வளர்ந்த கோதுமை முளை. அதன் வளர்ச்சியைப் பதிவு செய்தது அவரே வடிவமைத்த கிரெஸ்கோகிராப். கண்ணுக்குப் புலனாகாத வளர்ச்சியை நெம்புகோல்களால் பதினாயிரம் மடங்குவரை பெருக்கிக் காட்டவல்ல கருவி அது. இவ்வகைக் கருவி மெய்யாகவே வளர்ச்சியைத்தான் அளக்கிறதா என்று ஐயுற்றாரும் இருந்தனர். 1920-இல் இலண்டனில் ரேலி, பேலிஸ் முதலிய அறிஞர்கள் நேரில் கண்டு, அளவு சரியே எனச் செய்தித்தாளில் எழுதினர். அவ்வாண்டே ராயல் சொசைட்டியும் அவரை உறுப்பினராக ஏற்றது.

கோதுமை முளை தந்த விடை ஒரே சொல்லில் அடங்குவதன்று. மெலிந்த அலைக்கு அதன் வளர்ச்சி விரைந்தது. வலிய அலைக்கு வளர்ச்சி தடைப்பட்டது. இடைப்பட்ட அலைக்குச் சற்றே தடைப்பட்டுப் பின் மீண்டது. ஒரே பொருள் அளவுக்கேற்ப ஆக்கமும் செய்யும், அழிவும் செய்யும் என்னும் இக்கண்டறிவே அக்கட்டுரையின் உயிர்நாடி. இதனை மேடைப் பேச்சாளர் சொல்வதில்லை. செடி அழுதது, செடி மகிழ்ந்தது என்று கூறிவிட்டு அமர்கின்றனர். கோபுரத்தை எதிர்ப்போர் வளர்ச்சி தடைப்பட்டதை மட்டும் எடுத்துக்கொள்கின்றனர்; விரைந்ததை விட்டுவிடுகின்றனர்.

இனி, அச்சோதனையின் அமைப்பில் இருவருமே காணத் தவறும் ஒன்றுண்டு. அந்தக் கோதுமை முளை திறந்த வெளியில் அலையில் நனைந்துகொண்டு நிற்கவில்லை. ஏற்கும் வான்கம்பியின் கீழ்முனையிலிருந்து மெல்லிய கம்பியொன்று வந்து அச்செடியுடன் பிணைக்கப்பட்டிருந்தது. செடி மண்ணோடு இணைக்கப்பட்டிருந்தது. 10 மீட்டர்க் கம்பி திரட்டிய மின்னோட்டம் மண்ணை அடையும் பாதையில் செடியும் ஒரு கண்ணி. செடி அலையை உணர்ந்ததா, அன்றித் தன்னுள் பாய்ந்த மின்னோட்டத்தை உணர்ந்ததா? இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட அவ்வமைப்பு போதாது. மேலும், அலையின் வலிமையை அவர் தீப்பொறியைக் கூட்டியும் குறைத்துமே மாற்றினார். 'மெலிந்தது', 'வலியது' என்பன ஒப்பீட்டுச் சொற்களே. செடியை அடைந்த ஆற்றல் எவ்வளவு என்பதற்கு எண் இல்லாதபோது, பிற்காலத்தவர் தம் காலத்து அளவோடு அதனை ஒப்பிட வழியில்லை.

இதனைச் சுட்டுவதால் போஸின் பெருமை குன்றாது. கேள்வியைத் துணிந்து கேட்டதும், அதற்கெனக் கருவியைத் தாமே வடித்ததும், அமைப்பை மறைக்காமல் உயரமும் தொலைவும் கம்பியின் பிணைப்பும் உட்பட எழுதிவைத்ததும் அவருடைய பெருமை. அவர் அவ்வாறு எழுதியிராவிடில் இன்று குறை காணவே இயலாது. குறை காண இடங்கொடுத்து எழுதும் இப்பண்பு, முடிவுகளைக் காட்டிலும் மாணாக்கருக்கு முதன்மையாகக் கற்பிக்கத்தக்கது. மறுபுறம், உயிருள்ளதற்கும் உயிரற்றதற்கும் எல்லையே இல்லை என்னும் மெய்ப்பொருளை நோக்கி அவர் விரைந்த விரைவு, அவருடைய சான்றுகள் தாங்கக்கூடிய எடையைவிட மிகுந்தது என்றே கூறவேண்டும். மலாயாத் தமிழரிடையே அவர் புகழ் பரவியதில் அம்மெய்ப்பொருளுக்கும் பங்கிருந்தது எனக் கருத இடமுண்டு. பாரிஸ் பேரவை நிகழ்ந்த காலத்தில் அந்நகரிலிருந்த விவேகானந்தர் போஸைப் போற்றி எழுதினார். அவர் பெயரால் 1904-இல் பிரிக்பீல்ட்சில் ஆசிரமம் எழுந்தது. அங்குக் கல்விப் பணியும் வளர்ந்தது. அறிவியலைச் சமயத்தின் சாட்சியாக நிறுத்தும் ஆவல் அக்காலத்துக்கு இயல்பு. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் வழக்கம்தான் உடன் வளரவில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இவ்விசாரணைக்கு உடனடித் தேவையும் உண்டு. தமிழில் 'கதிர்வீச்சு' என்னும் ஒரே சொல், யுரேனியம், தோரியம் போன்றவை உமிழ்வதற்கும் கைப்பேசிக் கோபுரம் பரப்புவதற்கும் சேர்த்தே வழங்குகிறது. ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் 1982-இல் இயங்கத் தொடங்கிய அரிய மண் ஆலையின் தோரியக் கழிவை எதிர்த்து ஊர்மக்கள் 1985-இல் வழக்குத் தொடுத்தனர். 1992-இல் உயர்நீதிமன்றத்தில் வென்றனர். மறு ஆண்டு உச்சநீதிமன்றத்தில் தோற்றனர். ஆயினும் 1994-இல் ஆலை மூடப்பட்டது. அந்நினைவு சுமந்த ஒரு நாட்டில் 'கதிர்வீச்சு' என்னும் சொல் அச்சத்தை எழுப்புவது இயற்கையே. எனினும், தோரியத்தின் கதிர் அணுக்களிலிருந்து மின்துகளைப் பெயர்த்து அயனியாக்க வல்லது. நொடிக்கு 90 கோடி முறையோ 180 கோடி முறையோ அதிரும் கைப்பேசி அலைக்கு அவ்வாற்றல் இல்லை. வலிமை மிகுந்தால் அது உடலைச் சூடாக்கும் என்பதே உறுதியாக அறியப்பட்ட விளைவு. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் வானலை மின்காந்தப் புலங்களை, புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் எனத்தக்க வகையில் சேர்த்தது. சான்று வரையறைக்குட்பட்டது என்பதே அவ்வகைப்பாட்டின் பொருள். 'உறுதியாகிவிட்டது' என்று அதனை மொழிபெயர்ப்பது தவறு. 'ஒன்றுமில்லை' என்று தள்ளுவதும் தவறு. அயனியாக்கும் கதிர்வீச்சு, அயனியாக்காக் கதிர்வீச்சு என்று இரு தொடர்களாகப் பிரித்து வழங்கினாலே பாதிக் குழப்பம் நீங்கும். அவ்வேலை அறிவியலாசிரியருக்கு மட்டும் உரியதன்று. சொல்லைக் காப்பவர் தமிழாசிரியரும் ஆவர்.

அடுத்த பேச்சுப் போட்டியில் போஸைப் பற்றிப் பேச வரும் மாணவனிடம் முதல் வாக்கியத்தை அடித்துவிடச் சொல்லலாம். அவ்விடத்தில், தொட்டியில் நிற்கும் ஒரு கோதுமை முளையையும், வான்கம்பியிலிருந்து இறங்கி வந்து அதனைத் தொடும் மெல்லிய கம்பியையும் அவன் வருணிக்கட்டும். கம்பி எதற்கு என்று அவையில் ஒருவர் கேட்கக்கூடும். அதற்கு விடை கூற அவனைப் பழக்குவதற்கு ஒரு வாரம் பிடிக்கும்.