லூர்து மாதா கோயில்: கல்லும் சொல்லும்

சிங்கப்பூர் ஓஃபிர் சாலையிலுள்ள லூர்து மாதா கோயிலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இருவகையினர். ஒருவகையார் அதன் கூர்ங்கோபுரத்தையும் கோதிக் பாணி வளைவுகளையும் வியந்து, பிரான்சு நாட்டு லூர்து நகரப் பேராலயத்தின் சாயல் அதில் உண்டென்று கூறி அமைவர். மற்றவகையார், தமிழர்க்கென எழுந்த கோயில் தமிழர் கையை விட்டுப் போயிற்றே என்று இரங்குவர். முன்னவர் கட்டடத்தை மட்டும் கண்டனர். பின்னவர் உரிமையை மட்டும் கண்டனர். அக்கோயிலில் தமிழ் எங்கே இருந்தது, இன்று எங்கே இருக்கிறது என்னும் வினாவை இருவரும் எழுப்புவதில்லை. தமிழாசிரியராகிய நாம் கேட்கவேண்டிய வினா அதுவே.

முதலில் வரலாற்றை நோக்குவோம். சிங்கப்பூர்த் தமிழ்க் கத்தோலிக்கர், குவீன் வீதியில் 1870இல் கட்டி முடிந்த பேதுரு பவுல் கோயிலைச் சீனரோடு பகிர்ந்து வழிபட்டு வந்தனர். தமிழர்க்கெனத் தனிக்கோயில் வேண்டுமென்ற முயற்சி, மெனுவ்ரியே என்னும் பிரெஞ்சுக் குருவின் உழைப்பால் கைகூடிற்று. 1886இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1888இல் கோயில் எழுந்தது. சீனருள்ளும் இவ்வாறே மொழிவழிப் பங்குகள் பின்னர் அமைந்தன. 1910இல் எழுந்த திரு இருதயக் கோயில் கந்தோனியர்க்கும் ஹக்கா மக்களுக்கும் உரியதாயிற்று. 1929இல் எழுந்த புனித தெரேசா கோயில் ஹொக்கியர்க்கு உரியதாயிற்று. எனவே தமிழர் பெற்றது தனிச்சலுகை அன்று; அது அக்காலத்து முறை.

இனி, தமிழ் அங்கே எவ்விடத்தில் நின்றது? பீடத்தில் அன்று. பூசை இலத்தீன் மொழியிலேயே நடந்தது. பிரசங்கத்திலும், பாவசங்கீர்த்தனத்திலும், செபத்திலும், பாட்டிலும், பூசை முடிந்து முற்றத்தில் நின்று பேசும் பேச்சிலுமே தமிழ் வாழ்ந்தது. 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் மக்கள் மொழிகளுக்கு வழிபாட்டில் இடமளித்த பின்னரே, தமிழ் பீடம் ஏறிற்று.

ஆனால் காலத்தின் போக்கைப் பாருங்கள். 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. நகரின் நடுவே நெருங்கி வாழ்ந்த மக்கள் குவீன்ஸ்டவுன், தோ பாயோ முதலிய புதிய பேட்டைகளுக்குக் குடிபெயர்ந்தனர். தமிழ் பீடம் ஏறிய அந்நாளிலேயே தமிழ்க் குடும்பங்கள் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களை விட்டு அகன்றன. 1974இல் இக்கோயில் மொழிவழிப் பங்கு என்னும் நிலை நீங்கி, சுற்றுவட்டாரத்தார் அனைவர்க்கும் உரிய பங்காயிற்று. ஆகவே தமிழரிடமிருந்து கோயில் பறிக்கப்பட்டது என்பார் கூற்றுப் பொருந்தாது. முன்னரே கலைந்தது தெரு; பங்கின் மாற்றம் அதனைத் தொடர்ந்தது.

இவ்வாறு கூறுவதால் இழப்பே இல்லை என்பது கருத்தன்று. மொழிவழிப் பங்கில் தமிழ் வழிபாட்டுக்கு மட்டும் உரியதாயிராது. கணக்கு வழக்கும், திருவிழா ஏற்பாடும், பூசலும், சமாதானமும் அம்மொழியிலேயே நிகழும். பல மொழிகளில் ஒன்றாகத் தமிழ் நிற்கும் பங்கிலோ, அது பூசைக்குரிய ஒரு மணி நேரத்துள் அடங்கிவிடக்கூடும். பேரிழப்பு இதுவே.

சொற்களிலும் மாற்றம் உண்டு. பூசை திருப்பலியாயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, பிரசங்கம் மறையுரையாயிற்று. நல்ல தமிழ் பெருகியது மகிழத்தக்கதே. ஆயினும் பாட்டி பூசை என்கிறாள். பெயரன் ஆங்கிலத்தில் மாஸ் என்கிறான். இருவர்க்கும் இடையே திருப்பலி என்னும் அழகிய சொல் வழங்குவாரின்றி நிற்கலாகாது. இளையோர்க்குப் பழஞ்சொல்லும் புதுச்சொல்லும் ஒருங்கே கற்பிக்கப்படவேண்டும்.

2005இல் இக்கோயில் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. பாராட்டுக்குரிய செயல், ஆனால் சட்டம் சுவரைக் காக்கும், பேச்சைக் காவாது. இன்று தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தோர் பலர் அங்குத் தமிழ்ப் பூசையில் கலந்துகொள்கின்றனர். அவர் வரவால் தமிழ் ஒலிக்கிறது என்று மகிழலாம். ஆயினும் வேலை ஒப்பந்தம் முடிந்தால் அவருள் பலர் ஊர் திரும்புவர். அங்கேயே பிறந்து வளரும் குழந்தை தமிழில் செபம் சொல்லுமா என்பதே உரைகல்.

தோட்டப் பள்ளியில் பணிபுரிவார்க்கு இவ்வினா புதிதன்று. தோட்டம் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணம் சேர்ந்த பின்னும் பள்ளிக் கட்டடம் நிற்கும், பெயர்ப்பலகையும் நிற்கும், வகுப்பில் பிள்ளைகளே குறைவர். மக்கள் சென்ற இடத்துக்குப் பள்ளியும் சென்றாலன்றிக் கல்வி தொடராது. கோயில் தமிழுக்கும் இதுவே வழி. மக்கள் குடியேறிய பேட்டைகளின் பங்குகளில் தமிழ்ப் பூசையும் தமிழ் மறைக்கல்வியும் வேரூன்றவேண்டும். ஓஃபிர் சாலைக் கோயில் அவற்றுக்குத் தாய்வீடாக விளங்கவேண்டும்.

இறுதியாக ஒன்று. எப்பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், இறப்பு ஆகியவற்றுக்குப் பதிவேடுகள் வைப்பது கத்தோலிக்கர் வழக்கம். இவை போன்ற ஏடுகளையும் முதியோர் நினைவுகளையும் துணைக்கொண்டு, இக்கோயில் தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றைத் தமிழிலேயே எழுத இளைய ஆய்வாளர் முன்வரவேண்டும். கோபுரத்தின் உயரத்தை எவரும் எப்போதும் அளந்துகொள்ளலாம். அதன் நிழலில் தமிழ் பேசி வாழ்ந்தோரைக் கேட்டறியும் காலமோ குறுகிவருகிறது.