2018ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப்படம்: ஒரு விவாதமும் சில மதிப்பீடுகளும்

தமிழ்த் திரைப்பட ரசிகர்கள் இன்றளவும் முடிக்காமல் வைத்திருக்கும் விவாதங்களுள் ஒன்று, 2018ஆம் ஆண்டில் வெளிவந்தவற்றுள் சிறந்த படம் எது என்பது. அந்த ஆண்டில் எட்டு வாரத்துக்குள் ஐந்து படங்கள் வந்தன. ஆகஸ்ட் 24இல் லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’, செப்டம்பர் 28இல் மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’, அக்டோபர் 4இல் பிரேம்குமாரின் ‘96’, மறுநாளே ராம்குமாரின் ‘ராட்சசன்’, அக்டோபர் 17இல் வெற்றிமாறனின் ‘வட சென்னை’. ‘காலா’, ‘சர்கார்’, ‘2.0’ ஆகிய பெரும்படங்களும் அதே ஆண்டினவே. எனினும் விவாதத்தில் அவை முன்வரிசைக்கு வருவதில்லை.

விருதுகளும் இந்த வழக்கைத் தீர்க்கவில்லை. ஃபிலிம்ஃபேர் விருதில் சிறந்த படம் ‘பரியேறும் பெருமாள்’. சிறந்த இயக்குநரோ ‘ராட்சசன்’ ராம்குமார். 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட 66ஆவது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப்படமாகப் பிரியா கிருஷ்ணசாமியின் ‘பாரம்’ தேர்வானது. திரையரங்குக்கே வராத படம் அது. 2020 பிப்ரவரியில்தான் வந்தது. முதியவர்களைக் கொல்லும் தலைக்கூத்தல் வழக்கத்தைப் பேசும் நல்ல படம்தான். ஆனால் ரசிகர்கள் தாங்கள் பார்த்த ஐந்து படங்களில் ஒன்றைக்கூடத் தேர்வுக்குழு மதிக்கவில்லை என்று கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு.

திருப்பூரில் இந்த விவாதத்துக்கு வேறொரு முகம் இருந்தது. சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு விடுமுறை, படம் என்பது பனியன் தொழிலாளர்களின் பழைய வழக்கம். திங்கட்கிழமை தேநீர் இடைவேளையில் பேச்செல்லாம் படத்தைப் பற்றித்தான். வசூல் கணக்கு வேண்டுமென்றால் திரையரங்க உரிமையாளர் சங்கத் தலைவராக இருந்த திருப்பூர் சுப்பிரமணியத்தின் பேட்டியை இரு தரப்பும் எடுத்துக் காட்டும். நெல்லை, தேனி, மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் ஒரே வரிசை இயந்திரங்களில் உட்கார்ந்து தைக்கும் ஊர் இது. ‘பரியேறும் பெருமாள்’ நெல்லைச் சீமைப் படம். ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ தேனி எல்லைப் படம். இரண்டும் இங்கே பிழைக்க வந்தவர்களின் சொந்த ஊர்க் கதைகள்.

அந்தத் தீபாவளிக்கு முன் என்னிடம் படித்த ஒருவரைத் தேநீர்க் கடையில் பார்த்தேன். ஓவர்லாக் டெய்லர், பெற்றோர் நெல்லைப் பக்கம். “இந்த வருசம் எந்தப் படம்ப்பா நல்ல படம்?” என்று கேட்டேன். சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, “96தான் சார்” என்றார். உடனிருந்தவர்கள் போனபின் மெதுவாகச் சொன்னார்: “பரியேறும் பெருமாள் சார். மூணு தடவை பார்த்தேன். கம்பெனியில அதச் சொன்னா, உங்களுக்கு எந்த ஊரு, எந்தத் தெருன்னு அடுத்த கேள்வி வரும். 96ன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

பிடித்த படத்தின் பெயரைச் சொல்வதே சாதியைச் சொல்வதாகிவிடும் இடத்தில், ரசிகர் வாக்கெடுப்பு எண்களை எப்படி நம்புவது? அன்றிலிருந்து ‘பெரும்பாலோர் இதைத்தான் சொல்கிறார்கள்’ என்னும் வாதத்தை நான் ஏற்பதில்லை. இதே திருப்பூர் மாவட்டத்தின் உடுமலைப்பேட்டையில், 2016 மார்ச் 13 அன்று, பட்டப்பகலில் சங்கர் என்ற இளைஞர் சாதி மறுப்பு மணம் செய்ததற்காக வெட்டிக் கொல்லப்பட்டார். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படம் வந்தது அடுத்த ஆண்டு செப்டம்பரில். அதை இங்கே வெறும் படமாக யாராலும் பார்த்திருக்க முடியாது.

படங்களுக்கு வருவோம். ‘ராட்சசன்’ விறுவிறுப்பில் குறையில்லாதது. ஆசிரியன் என்ற முறையில் என்னைக் கலங்கடித்தது கொலைகாரன் அல்லன். மாணவிகளிடம் அத்துமீறும் ஆசிரியர் பாத்திரம். அப்படிப்பட்டவர்கள் பள்ளிகளில் இருப்பது உண்மை என்பதால் அந்தக் காட்சிகள் உறைத்தன. ஆனால் இறுதியில் ஒருவனின் நோயையும் உருவத்தையுமே கொலைக்குக் காரணமாக்கியது மலிவான முடிவு. ‘வட சென்னை’யில் அமீர் வரும் பகுதி தனிப்படமாகவே நிற்கும். தொடர்ச்சி வரும் என்ற நம்பிக்கையில் பாதியில் நிறுத்திய கதைக்கு முழு மதிப்பெண் போட முடியாது.

‘96’ஐ அழுகைப் படம் என்று ஒதுக்குவோர் உண்டு, நான் அப்படிச் சொல்லமாட்டேன். பள்ளி நாட்களில் ராம் கேட்டுக் கேட்டும் ஜானு பாடாமல் விட்ட பாட்டை, பல ஆண்டு கழித்து இருட்டில் பாடும் இடம் அந்த ஆண்டின் அழகான காட்சிகளுள் ஒன்று. என் குறை வேறு. பழைய மாணவர் சந்திப்பு என்பதே படிப்பை முடித்தவர்களின் உலகம். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுக் கைமடிக்கப் போன என் மாணவர்களை எந்த ஆண்டின் சந்திப்புக்கு யார் அழைப்பார்கள்?

‘பரியேறும் பெருமாள்’ படத்தை நான் இருமுறை பார்த்தேன். சட்டக்கல்லூரியில் ஆங்கிலம் புரியாமல் உட்கார்ந்திருக்கும் பரியனை எனக்குத் தெரியும். முப்பதாண்டுக்கு மேல் என் வகுப்பில் கடைசி வரிசையில் இருந்தவன்தான். தந்தையை அழைத்து வா என்றதும் வேறொருவரைத் தந்தை என்று கூட்டி வருவான். உண்மையான தந்தை கூத்தில் பெண்வேடம் கட்டுபவர். எத்தனை பிள்ளைகளிடம் நானும் அப்படிச் சொல்லியிருப்பேன்! பொய்யான சித்தப்பாக்களைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பெருமைப்பட்டதும் உண்டு. அந்தப் பிள்ளைகள் எதை மறைத்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

முடிவில் பரியன் ஜோவின் தந்தையிடம் நிதானமாகப் பேசுவதைச் சமரசம் என்று குறை கூறுவார்கள். அது சமரசமன்று. கடைசிச் சட்டகத்தில் இரண்டு தேநீர்க் குவளைகள் தனித்தனியே இருக்கின்றன. நடுவில் ஒரு பூ. அவை ஒன்று சேர்ந்துவிட்டதாக இயக்குநர் எங்கும் பொய் சொல்லவில்லை.

ஆயினும் என் வாக்கு, ஒரு மயிரிழை வித்தியாசத்தில், ‘மேற்குத் தொடர்ச்சி மலை’க்குத்தான். விஜய் சேதுபதி தயாரித்த படம். ‘96’இன் நாயகனாக அவருக்குக் கிடைத்த கைதட்டலில் கால்பங்குகூட இந்தப் படத்துக்குக் கிடைக்கவில்லை. ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமி சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்க நினைக்கிறான். மூட்டை அவிழ்ந்து மலைச்சரிவில் சிதறும்போது சேர்த்ததெல்லாம் போகிறது. பிறகு நிலம் கிடைக்கிறது. விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடனில் அதுவும் கைமாறுகிறது. பின்பாதியில் கொலையும் சிறையும் அவசரமாக நடந்து முடிகின்றன; அங்கே படம் தடுமாறுகிறது. ஆனால் தன் நிலத்திலேயே நிற்கும் காற்றாலைக்குச் சீருடை போட்ட காவலாளியாக அவன் உட்காரும் கடைசிக் காட்சி வேறெந்தப் படத்திலும் இல்லை.

பல்லடம், தாராபுரம், உடுமலை வழியாகப் பேருந்தில் போகிறவர்களுக்கு அந்தக் காற்றாலைகள் பழக்கமானவை. திருப்பூர் ஜவுளித் தொழிலில் இருப்பவர்கள் பலர் காற்றாலை முதலீட்டாளர்களும்கூட. ரங்கசாமி போன்றவர்களின் பிள்ளைகள் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறார்கள். விற்ற நிலத்தில் சுழல்வது எந்த ஊர் இயந்திரத்துக்கான மின்சாரம் என்று அந்தப் படம் கேட்கவில்லை. பார்த்துவிட்டு வெளியே வந்தபோது எனக்குத்தான் அந்தக் கேள்வி எழுந்தது.

அந்த மாணவரிடம் பிறகொரு நாள் இதைச் சொன்னேன். “அந்தப் படம் எங்க தியேட்டர்ல நாலு நாள்கூட நிக்கலையே சார், நான் எப்படிப் பாக்க?” என்றார்.