குழாய் இருக்கிறது, கணக்கு உதைக்கிறது

புதுக்கோட்டை மாவட்டம் வல்லத்திராக்கோட்டைப் பக்கத்துப் பழ விவசாயிக்குச் சொட்டுநீரைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அருகே வம்பனில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயறு ஆராய்ச்சி மையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. சொட்டுநீர் அமைக்கச் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. ஆனாலும் பலாவுக்கும் மாவுக்கும் வட்டப்பாத்தி கட்டித் தண்ணீரைத் திறந்துவிடும் பழக்கம் லேசில் போவதாக இல்லை.

காரணம் அறியாமை அல்ல, கணக்கு. பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டாரைப் போட்டால் வேலை முடிந்தது. சொட்டுநீரோ தினமும் ஆள் கேட்கும்: அணில் கடித்த டியூபை ஒட்டணும், பில்டரைக் கழுவணும், உப்படைத்த துளைக்கு ஆசிட் விடணும். மிச்சமாகும் தண்ணீர் கைக்குக் காசாக வருவதுமில்லை. "இத்தனை பெரிய மரத்துக்கு ரெண்டு சொட்டு எந்த மூலைக்கு?" என்ற கேள்வியிலும் நியாயம் உண்டு. கன்றின் தூரில் வைத்த சொட்டுவானை, மரம் வளர வளர நிழல் விளிம்பு வரை தள்ளி, எண்ணிக்கையையும் கூட்ட வேண்டும். இதைச் செய்யாத தோட்டத்தில் மரம் வாடினால் பழி சொட்டுநீர் மீதுதான் விழும்.

யாழ்ப்பாணத்தில் நிலைமை தலைகீழ். கோப்பாய், நீர்வேலி வாழைத் தோட்டங்களுக்குச் சுண்ணாம்புக்கல்லில் தேங்கும் மழைநீரே கதி. கிணற்றுத் துலா போய் மண்ணெண்ணெய் பம்ப் வந்ததிலிருந்து ஒவ்வோர் இறைப்புக்கும் காசு. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குத் தாவியது. அங்கே தண்ணீர் மிச்சமென்றால் எண்ணெய் மிச்சம். ஆனால் குழாய் வாங்கக் கைமுதல் வேண்டும். குத்தகைக் காணியில் யார் காசைப் புதைப்பது? போதாததற்குச் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்து துளையை அடைக்கும். உலக வங்கி உதவியுடன் நடந்த விவசாயத்துறை நவீனமயமாக்கல் திட்டம் போன்றவை கைகொடுத்த இடங்களில்தான் ஏற்றுமதிக் கதலிக்குச் சொட்டுநீர் துணிந்து இறங்கியது.

ஆக, இங்கே குழாய் உண்டு, அவசரம் இல்லை. அங்கே அவசரம் உண்டு, முதல் இல்லை. ஈழத்து விவசாயிக்கு வேண்டியது மானியமும் நீண்டகாலக் குத்தகை உறுதியும். நம் பக்கம் வேண்டியது வேறு. ஏழு ஆண்டு கழித்து மறுபடி மானியம் கிடைக்கும். இடைப்பட்ட காலத்தில் பழுது பார்க்க ஊரிலேயே பயிற்சி பெற்ற ஆளும் உதிரிப் பாகமும் வேண்டும். விவசாயியும் ஒன்றை யோசிக்கணும்: மின்சாரம் இலவசம்தான், போர்வெல் போடுவது இலவசமில்லை. அடுத்த போர்வெல்லுக்கு வண்டியைக் கூப்பிடுமுன், சுருட்டி வைத்த டியூபை ஒருமுறை விரித்துப் பாருங்கள்.