ஜீப்ரா மீன் புத்தகமும் பக்கத்து ரூம் தம்பியும்

சுங்குவார்சத்திரத்தில் நான் குடியிருக்கும் மாடியில், பக்கத்து ரூமில் ஒரு தம்பி இருக்கிறான். டிப்ளமோ முடித்துவிட்டு ஓர் ஆலையில் லைன் வேலை. கொளத்தூரிலிருந்து மீன் வாங்கிவந்து மொட்டைமாடித் தொட்டியில் வளர்க்கிறவன். ஒரு பல்கலைக்கழக மீன் ஆய்வகத்தில் டெக்னீசியன் வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, "அண்ணா, அங்க போய் என்னதான் பண்ணணும்?"னு கேட்டான்.

அதற்கு நேராகப் பதில் சொல்லும் புத்தகமாக எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மான்டி வெஸ்டர்ஃபீல்ட் தொகுத்த 'தி ஜீப்ராஃபிஷ் புக்'. அமெரிக்காவின் ஒரேகான் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. நான்காம் பதிப்பை இணையத்தில் காசில்லாமலே படிக்கலாம். அவனுக்காக நானும் மறுபடி எடுத்துப் படித்தேன். இது அதைப் பற்றிய குறிப்பு.

முதலில் கொஞ்சம் பின்கதை. ஜீப்ரா மீன் நம் நாட்டு மீன். கங்கை நதி மீன்களைப் பற்றி 1822ல் புத்தகம் எழுதிய ஃபிரான்சிஸ் ஹாமில்டன்தான் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். ஆய்வகங்களில் இன்றும் புழங்கும் 'விக்' என்ற வம்சத்தின் பெயரிலேயே இந்தியாவும் கொல்கத்தாவும் இருக்கின்றன. ஆனால் இந்த மீனை ஆய்வக மீனாக்கியது ஒரேகானின் யூஜின் நகரம். ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் அங்கே இந்த வேலையைத் தொடங்கினார். 'ஏபி' என்று உலகம் முழுக்கப் போன வம்சத்தின் மூல மீன்கள், அதே மாநிலத்தின் ஆல்பனி ஊரில் ஒரு செல்லப்பிராணிக் கடையில் வாங்கியவை. அதாவது, தம்பி கொளத்தூரில் செய்வதைத்தான் அவரும் செய்திருக்கிறார்.

இனி புத்தகம். ஒரு டெக்னீசியனின் நாளை இது ஒளிவுமறைவில்லாமல் காட்டுகிறது. தண்ணீர் 28.5 டிகிரி செல்சியஸ். விளக்கு 14 மணி நேரம் எரியணும், 10 மணி நேரம் அணைந்திருக்கணும். விளக்கு போட்டதும், அதாவது மீனுக்கு விடிந்ததும், முட்டையிடும். இட்ட முட்டையை அதே மீன் தின்றுவிடும், அதனால் தொட்டியின் அடியில் கோலிக்குண்டு பரப்பணும்; முட்டை இடுக்கில் விழுந்து தப்பிக்கும். குஞ்சுக்கு முதலில் பாரமீசியம், பிறகு ஆர்ட்டிமியா. இதையெல்லாம் 'சில்லறை வேலை' என்று ஒதுக்காமல் முதல் அத்தியாயங்களிலேயே வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. தொட்டி கழுவுகிறவரின் அறிவு இல்லாமல் மரபணு அத்தியாயத்துக்குப் போகவே முடியாது என்று வரிசையே சொல்லிவிடுகிறது.

தம்பி ரெண்டு நாள் படித்துவிட்டு வந்து சொன்னது: "எங்க லைன்ல தலைக்கு மேல மாட்டியிருக்கிற ஒர்க் இன்ஸ்ட்ரக்ஷன் மாதிரியே இருக்குண்ணா." நான் அதைப் பாராட்டு என்று நினைத்தேன். அவன் குறையாகச் சொல்லியிருக்கிறான்.

அவன் முதலில் பிடித்தது தண்ணீரை. 25 டிகிரிக்குக் கீழேயோ 31க்கு மேலேயோ போனால் மீன் முட்டையிடுவது சந்தேகம், கரு வளர்ச்சியும் கெடும் என்கிறது புத்தகம். சரிதான். ஆனால் யூஜின் குளிர் ஊர். அங்கே பிரச்சினை தண்ணீரைச் சூடாக்குவது. சுங்குவார்சத்திரத்தில் மே மாதம் மதியம் மொட்டைமாடித் தொட்டியில் கை வைத்துப் பாருங்கள். இங்கே ஹீட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, தண்ணீரை எப்படி ஆற வைப்பது, கரண்ட் போனால் காற்று எப்படி ஓட்டுவது என்றுதான் யோசிக்கணும். தம்பி தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டி, மேலே தென்னங்கீற்று போட்டிருக்கிறான். அது எந்தக் கையேட்டிலும் இல்லை. செய்முறை எங்கே எழுதப்பட்டதோ, அந்த ஊரின் வெயிலும் தண்ணீரும் சொல்லாமலே அதற்குள் இருக்கின்றன. அதைப் பொது விதி என்று எடுத்துக்கொண்டால் மாட்டுவது விதியை எழுதியவர் இல்லை, தொட்டியருகே நிற்கும் டெக்னீசியன்.

அடுத்தது கை. பெண் மீனை மயக்கி, ஈரம் துடைத்து, வயிற்றை விரலால் மெல்ல அழுத்தி முட்டை எடுக்கும் வேலை ஒன்று இருக்கிறது. எவ்வளவு மெல்ல? அதற்கு எண் கிடையாது. கொஞ்சம் கூடினால் மீன் போச்சு, குறைந்தால் முட்டை வராது. இதற்காகப் புத்தகத்தைத் திட்ட மாட்டேன். இட்லி மாவுப் பதத்தையும் யாரும் கிராமில் சொல்வதில்லை. ஆனால் செய்முறைக்குப் பக்கத்திலேயே 'தப்பாகப் போனால் எப்படித் தெரியும்' என்று இன்னும் தாராளமாக எழுதியிருக்கலாம். லைனில் அட்டையைப் பார்த்து வேலை கற்றவர் யாரும் இல்லை, பக்கத்தில் நின்ற சீனியரைப் பார்த்துத்தான் கற்கிறார்கள். எழுத்து அந்த சீனியருக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்பதே ஒரு கையேட்டுக்கு நான் வைக்கும் அளவுகோல்.

கடைசியாகப் பெயர். வரலாற்றாசிரியர் ஸ்டீவன் ஷாபின் 1989ல் 'கண்ணுக்குத் தெரியாத டெக்னீசியன்' என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். 17ஆம் நூற்றாண்டின் ராபர்ட் பாயில் ஆய்வகத்தில் பம்ப் அடித்தது, கண்ணாடி பிடித்தது, அளவு பார்த்தது எல்லாம் சம்பள உதவியாளர்கள். பாயிலின் எழுத்தில் அவர்கள் பெரும்பாலும் தலைகாட்டுவது ஏதாவது உடைந்தால், தப்பானால்தான். இதை வாசித்துக் காட்டியதும் தம்பி சிரித்தான். "எங்க பேரும் ரிஜெக்ஷன் ரிப்போர்ட்ல மட்டும்தாண்ணா வரும்."

இந்த இடத்தில் ஜீப்ரா மீன் புத்தகத்துக்கு நான் நல்ல மதிப்பெண் போடுவேன். பல செய்முறைகளின் கீழ் அது யாரிடமிருந்து வந்தது என்று பெயர் போட்டிருக்கிறது. சார்லின் வாக்கர் அப்படி ஒரு பெயர். ஸ்ட்ரைசிங்கரின் ஆய்வகத்தில் மீனோடு நேரடியாக வேலை பார்த்தவர். புறஊதா ஒளியால் விந்தின் மரபணுவை முடக்கி, தாயின் மரபணுவை மட்டும் வைத்து அச்சு அசல் மீன்களை உருவாக்கியதைச் சொல்லும் 1981 நேச்சர் கட்டுரையில் ஐந்து பெயர்கள், ரெண்டாவது அவருடையது. 1983ல் காமாக் கதிரால் மரபணு மாற்றம் உண்டாக்கியதைப் பற்றி ஜெனெடிக்ஸ் இதழில் வந்த கட்டுரை ஒன்றில் அவர் பெயர் முதலில், ஸ்ட்ரைசிங்கர் பெயர் பிறகு. 1984ல் ஸ்ட்ரைசிங்கர் இறந்தார். அதன் பிறகும் ஒரேகானில் வேலை நிற்கவில்லை. தலைவர் போனதும் கலைந்துபோன ஆய்வகங்கள் எத்தனையோ உண்டு. இங்கே மீன்கள் உயிரோடு தொட்டியில் இருந்தன, அவற்றை வளர்க்கும் வழி தெரிந்த ஆட்கள் இருந்தார்கள், அந்த வழி எழுத்திலும் ஏறியது. அந்த எழுத்துதான் இந்தப் புத்தகம்.

ஆனாலும் பெயர் போட்டதோடு கணக்கு முடியவில்லை. செய்முறையைக் கண்டுபிடித்தவர் பெயர் அதன் கீழே வருகிறது. அதே செய்முறையைத் தினமும் காலையில் தவறாமல் செய்து, ஞாயிற்றுக்கிழமையும் வந்து தீவனம் போடுகிறவருக்கு அங்கேயும் இடம் இல்லை. மீனுக்கு லீவு கிடையாது என்பது புத்தகத்தைப் படித்தாலே தெரிகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை யாருடையது என்பது தெரியவில்லை. ஒப்பந்த வேலைக்கு விண்ணப்பித்திருக்கும் தம்பிக்கு அதுதான் முக்கியமான கேள்வி.

வேலை கிடைக்குமா தெரியாது. ஒன்று மட்டும் சொல்லியிருக்கிறேன்: முதல் நாளே ஒரு நோட்டு போடு. தேதி, தண்ணீர்ச் சூடு, எத்தனை முட்டை, எத்தனை பொரிந்தது, அதோடு 'இன்னைக்கு நான் பார்த்தது' என்று ஒரு கட்டம். ஒவ்வொரு பக்கத்திலும் உன் பெயரை எழுது.

"ஈரச் சாக்கு விஷயத்தையும் எழுதலாமாண்ணா?"

அதைத்தான்டா முதல்ல எழுதணும்.